எல்லா போல்ட்டும் சரியாக உட்கார்ந்தன: ஒரு 1967 மஸ்டாங்கின் அதிர்வு

அந்த வண்டி என்னிடம் வந்தபோது அதற்கு நான்கு முறை டயர் பாலன்ஸ் செய்திருந்தார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டைக் கழற்றி, அதையும் பாலன்ஸ் செய்து மாட்டியிருந்தார்கள். அந்த ஷாஃப்டின் மூட்டுகளான யூ-ஜாயின்ட் இரண்டும் புதியவை, என்ஜின் மவுன்ட்டும் புதியது. இருந்தும் நெடுஞ்சாலையில் 65 மைல் வேகம் வந்தால் பின்பக்கக் கண்ணாடியில் வரும் வண்டியின் உருவம் கலங்கி விடும். உரிமையாளர் எழுபதை நெருங்கும் மனிதர். ஆறு வருடமாகச் சேர்த்த பணத்தையும் உழைப்பையும் இந்த வண்டியில் போட்டவர். கடைசி இரண்டு வாரமாக என்ஜினின் பின்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வேறு கேட்க ஆரம்பித்திருந்தது. "என்ஜின் போய்விட்டதா என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார்.

மிச்சிகனில் பழைய அமெரிக்க வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலைதான் என் தொழில். இந்த ஒரு வண்டியை முழுதாக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. இதில் நடந்த தவறை எந்தக் கைதேர்ந்த மெக்கானிக்கும் செய்யக்கூடும். பாதி வழிவரை நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

வண்டியின் பின்னணி

1967 ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு ஹார்ட்டாப். தொழிற்சாலை பொறித்த அடையாள எண் 7ஆர்01சி என்று தொடங்கும். 7 என்பது மாடல் ஆண்டு, ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை, 01 ஹார்ட்டாப், சி என்பது 289 கன அங்குல வி8, இரட்டைக் குழல் கார்புரேட்டர், 200 குதிரைத்திறன். கதவுத் தகட்டில் கியர்பாக்ஸ் குறியீடு டபிள்யூ, அதாவது சி4 மூன்று வேக ஆட்டோமேட்டிக். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பழைய வண்டிகளின் அடித்தளத்தைத் தின்றுவிடும். அதனால் துருப்பிடிக்காத கலிஃபோர்னியா வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்.

வாங்கிய பிறகு 289 என்ஜினில் ஒரு சிலிண்டர் சுவரில் விரிசல் தெரிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கழற்றி வீட்டு கராஜில் வைத்துவிட்டு, 1989 மஸ்டாங்கிலிருந்து எடுத்த 5.0 லிட்டர் என்ஜினைப் போட முடிவு செய்தார். இது பலரும் செய்யும் மாற்றம். 289, 302, பிந்தைய 5.0 எல்லாம் ஒரே குடும்பம். வெளியளவு ஒன்று, என்ஜின் மவுன்ட் ஒன்று, 1965 முதல் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை என்ஜினோடு இணைக்கும் மணி வடிவ உறை) போல்ட் அமைப்பும் ஒன்று. ஆயில் பானை மாற்ற வேண்டும், கார்புரேட்டருக்கு ஏற்ற இன்டேக் போட வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் வயர்களைப் புதிய வரிசையில் செருக வேண்டும். சிலிண்டர்கள் எரியும் வரிசை 289-இல் 1-5-4-2-6-3-7-8, இந்த 5.0 எச்.ஓ.வில் (உயர்திறன் வகை) 1-3-7-2-6-5-4-8. இதையெல்லாம் வேலை செய்த பட்டறை சரியாகவே செய்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வயர்கள் சரி, டைமிங் சரி, ஆயில் அழுத்தமும் நன்றாகவே இருந்தது.

அப்புறம் சுமார் 1,100 மைல் ஓடியிருந்தது வண்டி.

நின்ற இடத்திலேயே செய்த சோதனை

அதிர்வுப் புகார் வந்தால் நான் முதலில் சாலைக்குப் போவதில்லை. கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, நியூட்ரலில் என்ஜினை மெல்ல ஏற்றுவேன். டயரும் கார்டன் ஷாஃப்டும் சுற்றாத நிலையிலும் உதறல் வந்தால், அவை இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இந்த வண்டியில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஆரம்பித்தது. 2,400-இல் ஸ்டியரிங்கில் நன்றாகத் தெரிந்தது. 3,000-இல் ஏர் கிளீனரின் பட்டாம்பூச்சி நட்டே நடுங்கியது. நான்கு டயர் பாலன்சுக்கும் ஒரு ஷாஃப்ட் பாலன்சுக்கும் கொடுத்த காசு வீண் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்த கேள்வி, என்ஜின் சரியாக எரிகிறதா இல்லையா. ஒரு சிலிண்டர் எரியாமல் போனாலும் வண்டி உதறும், ஆனால் தாளம் வேறு. இப்போதெல்லாம் கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலி கிடைக்கிறது. அதை ஃபெண்டர் மேல் ஒட்டி வைத்து, என்ஜினை 2,400 சுற்றில் நிறுத்தினேன். 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் செத்திருந்தால் 20 ஹெர்ட்ஸில் மேடு தெரிய வேண்டும். இங்கே 20-இல் ஒன்றும் இல்லை. 40-இல் மட்டும் ஊசி போல ஒரு மேடு. சுற்றுக்கு ஒரு உதை. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று ஒரு பக்கம் கனமாக இருக்கிறது.

கிராங்கோடு சேர்ந்து சுற்றுபவை மூன்றுதான். முன்பக்கம் அதிர்வை அடக்கும் சக்கரமான ஹார்மோனிக் பாலன்சர், பின்பக்கம் ஃப்ளெக்ஸ் பிளேட், அதோடு இறுக்கிய, சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டர்.

இந்த ஃப்ளெக்ஸ் பிளேட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கிளட்ச் வண்டியில் கிராங்கின் பின்முனையில் கனத்த இரும்புச் சக்கரம், ஃப்ளைவீல், இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் நிறைந்த டார்க் கன்வெர்ட்டரே அந்தக் கனத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் நடுவில் ஒரு தகடு போதும். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு, பார்வைக்குத் தாம்பாளம் மாதிரி, விளிம்பில் ஸ்டார்ட்டருக்கான பற்கள். கன்வெர்ட்டர் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறும்போது சற்றே உப்பி முன்னுக்கு வரும். தகடு அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். என்ஜினின் முழுச் சுழற்று விசையும் இந்தத் தாம்பாளத்தின் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. மேலும் சில என்ஜின்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த வண்டியின் கதை முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

என் முதல் சந்தேகம் கன்வெர்ட்டர் மேல். அது மறுசீரமைத்த கன்வெர்ட்டர். வெல்டிங்கில் பாலன்ஸ் கெட்டிருக்கலாம் என்று நினைத்தேன். தூசி மூடியைக் கழற்றி, கன்வெர்ட்டரின் நான்கு நட்டுகளையும் எடுத்து, அதை பம்ப் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி, தகட்டைத் தொடாதபடி இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்ஜினை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டினேன். கன்வெர்ட்டர் அசையாமல் நின்றது. உதறல் அப்படியே இருந்தது. கன்வெர்ட்டர் குற்றவாளி இல்லை.

நட்டு எடுக்கும்போது கண்ணில் பட்ட இன்னொன்று அந்த 'டக் டக்' சத்தத்துக்குப் பதில் சொன்னது. ஃப்ளெக்ஸ் பிளேட்டின் நடுவே, கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி, மயிரிழை போல ஒரு வளைந்த விரிசல். கண்ணாடி வைத்துப் பார்த்ததில் மூன்று போல்ட்டுகளைச் சுற்றி ஓடியிருந்தது. ஐடிலில் தட்டும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அடங்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டு, கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது என்று என்ஜினையே பிரித்தவர்கள் உண்டு. அன்று மாலை உரிமையாளரை அழைத்து, என்ஜின் போகவில்லை, தகடு விரிந்திருக்கிறது என்று சொன்னேன். மறுமுனையில் அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

ஆனால் தகடு ஏன் விரிந்தது?

பல்லை எண்ணினேன், எடையைப் பார்க்கவில்லை

கியர்பாக்ஸை இறக்கி, தகட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். பழக்கதோஷம், முதலில் பல்லை எண்ணினேன். 157. இந்த சி4-இன் பெல் ஹவுசிங் சிறியது, 157 பல் தகட்டுக்கானது. சரி. கிராங்க் போல்ட் துளைகள் ஆறு. ஃபோர்டில் அவற்றில் ஒன்று சற்றே விலகியிருக்கும், அதனால் தகட்டை ஒரே ஒரு நிலையில்தான் மாட்ட முடியும். சரி. கன்வெர்ட்டர் போல்ட் வட்டம் பத்தரை அங்குலம், கன்வெர்ட்டரோடு ஒத்துப்போகிறது. சரி. மூன்றுக்கும் 'சரி' போட்டுவிட்டு, தகட்டின் உலோகம் சோர்ந்துதான் விரிந்திருக்கிறது, அதே மாதிரி புதியது போட்டால் போதும் என்று ஆர்டர் கொடுக்க எழுந்துவிட்டேன். அந்த ஆர்டர் போயிருந்தால் இன்னும் 1,100 மைலில் வண்டி இதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

நிறுத்தியது முன்பக்க பாலன்சர். அதைத் துடைத்துப் பார்த்தபோது புல்லியைப் பிடிக்கும் போல்ட்டுகள் நான்கு இருந்தன. 1967-இன் 289-க்கு மூன்று போல்ட்தான். நான்கு போல்ட் 1970 முதல். அப்படியானால் இந்த பாலன்சர் 1989 என்ஜினோடு வந்தது. முன்பக்கம் 1989, பின்பக்கத் தகடு 1967. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

இந்தக் குடும்பத்து ஃபோர்டு என்ஜின்கள் எல்லாம் வெளிச்சமநிலை கொண்டவை. வி8-இன் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தூக்கி எறியும் கனத்தைச் சமன் செய்ய கிராங்கில் எதிர் எடைகள் வேண்டும். அத்தனை எடையையும் என்ஜினுக்குள்ளேயே வைக்க இடம் போதாவிட்டால், மீதியை வெளியே வைப்பார்கள். முன்பக்க பாலன்சரில் ஒரு பங்கு, பின்பக்கத் தகட்டில் ஒரு பங்கு. தகட்டின் ஒரு பக்கத்தில் பற்றவைத்திருக்கும் அந்த உலோகத் துண்டு அதற்காகத்தான். 289-இலும் பழைய 302-இலும் இந்த வெளி எடை 28.2 அவுன்ஸ்-இன்ச், அதாவது எடையை மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிய அளவு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபோர்டு 302-இன் கிராங்கை இலேசாக்கியது. உள்ளே குறைந்ததை வெளியே சேர்த்தாக வேண்டும். வெளி எடை 50 அவுன்ஸ்-இன்ச் ஆனது. போல்ட் துளைகளை மட்டும் மாற்றவில்லை.

நம் அளவில் சொன்னால் 28.2 அவுன்ஸ்-இன்ச் சுமார் 2,030 கிராம்-சென்டிமீட்டர். 50 என்பது 3,600. வித்தியாசம் 1,570. மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 157 கிராம் எடையை ஒட்டியதற்குச் சமம். கையில் வைத்தால் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சுற்றும்போது விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஐடிலில், 800 சுற்றில், சுமார் 11 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு; அதை மவுன்ட் ரப்பர் விழுங்கிவிடும். 65 மைல் வேகத்தில் இந்த வண்டியின் என்ஜின் சுமார் 2,600 சுற்று ஓடும். அப்போது 119 கிலோ. 5,000-க்கு ஏற்றினால் 440 கிலோ. இது ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறிக்கொண்டே, கிராங்கின் பின்முனையை எல்லாப் பக்கமும் இழுக்கும். ஐடிலில் மிருதுவாக இருந்த வண்டி நெடுஞ்சாலையில் மட்டும் ஏன் உதறியது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

முன்பக்கம் மட்டும் சரியாக இருந்தது உதவவில்லை. முன் எடையும் பின் எடையும் கிராங்கில் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். தராசின் இரு தட்டு மாதிரி. ஒரு தட்டில் 50, மறுதட்டில் 28. மீதியுள்ள 22 சொச்சமும் கிராங்கின் தலையில்தான் விழும்.

ஊகத்தை நம்பித் தகடு வாங்க எனக்கு மனமில்லை. அளந்து பார்த்தேன். தகட்டின் நடுத்துளையில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டைச் செருகி, மட்டம் பார்த்த இரண்டு நேர்விளிம்புகள் மேல் உருளவிட்டேன். கனமான பக்கம் கீழே போய் நின்றது. அதற்கு நேர் எதிரே, மையத்திலிருந்து 15 சென்டிமீட்டரில், காந்தமும் வாஷர்களும் ஒட்டிக்கொண்டே வந்தேன், தகடு எந்த நிலையிலும் உருளாமல் நிற்கும்வரை. பிறகு அவற்றை எடுத்து எடை போட்டேன்: 138 கிராம். 15-ஆல் பெருக்கினால் 2,070. இது 28 அவுன்ஸ் தகடுதான். 50 அவுன்ஸாக இருந்திருந்தால் 240 கிராம் கேட்டிருக்கும். இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். இத்தனை வருடமாக இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று அன்று உண்மையிலேயே வருந்தினேன்.

தவறு எப்படி நுழைந்தது

உரிமையாளரின் கராஜில் 1989 என்ஜினோடு வந்த உதிரிகள் ஒரு பெட்டியில் இருந்தன. அதில் அதன் அசல் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் இருந்தது. அந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஏ.ஓ.டி., நான்கு வேகம். அதன் தகடு 164 பல், 50 அவுன்ஸ். 164 பல் தகடு விட்டத்தில் பெரியது. இந்த சி4-இன் சிறிய பெல் ஹவுசிங்குக்குள் அது நுழையாது.

நடந்ததை இப்போது கண்முன்னே பார்க்க முடிகிறது. பட்டறையில் முதலில் 164 பல் தகட்டை மாட்டிப் பார்த்திருப்பார்கள். ஹவுசிங் மூடவில்லை. "சரி, பழையதையே போடு" என்று 289-இன் தகட்டை எடுத்திருப்பார்கள். ஆறு போல்ட்டும் உட்கார்ந்தன. விலகிய துளைகூட அதன் இடத்தில் வந்தது. கன்வெர்ட்டர் ஸ்டட் நான்கும் நுழைந்தன. ஸ்டார்ட்டர் சுத்தமாகப் பிடித்தது. சந்தேகப்பட எந்த முகாந்திரமும் இல்லை.

இதே பட்டறை முன்பக்கத்தில் இந்தத் தவறைச் செய்யவில்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அங்கே 289-இன் மூன்று போல்ட் புல்லி, நான்கு போல்ட் பாலன்சரில் பொருந்தவில்லை. பொருந்தாததால் யாரையோ கேட்டிருக்கிறார்கள், 50 அவுன்ஸ் விஷயம் தெரியாமலே சரியான பாலன்சரை விட்டுவைத்து, நான்கு போல்ட் புல்லி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் எல்லாம் பொருந்தியது, அதனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. பொருந்தாத பாகம் கேள்வி கேட்க வைக்கிறது. கச்சிதமாகப் பொருந்திய தவறான பாகத்தைக் கண்டுபிடிக்க 1,100 மைல் ஆகிறது.

இதே விஷயம் மற்ற அமெரிக்க வண்டிகளில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செவ்ரோலே ஸ்மால் பிளாக்கில் 1986-இல் பின் ஆயில் சீல் ஒற்றைத் துண்டானபோது, தகட்டில் எதிர் எடையும் வந்தது. ஆனால் கூடவே கிராங்க் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமானது. பழைய தகடு புதிய கிராங்கில் ஏறவே ஏறாது. அந்த இடத்தில் போல்ட்டே காவலாளி. ஆனால் அதே செவ்ரோலேயின் 400 கன அங்குல ஸ்மால் பிளாக் வெளிச்சமநிலை கொண்டது. 350 உள்ளேயே சமன் செய்தது. இரண்டுக்கும் போல்ட் வட்டம் ஒன்றே. அங்கே காவலாளி இல்லை. 350 தகட்டை 400-இல் மாட்டியவர்கள் இதே உதறலைத்தான் அனுபவித்திருப்பார்கள். அதிலும் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு, கன்வெர்ட்டர் வட்டம் 10.75, 11.5 என்று இரண்டு, ஸ்டார்ட்டர் போல்ட்டுகளும் ஒன்றுக்கு நேர்கோட்டில், மற்றதற்குக் குறுக்காக. இவை தவறினால் உடனே தெரியும். எடை தவறினால் தெரியாது.

கிறைஸ்லரில் இன்னும் விசித்திரம். அவர்களின் பழைய தகட்டில் பற்களே இருக்காது; ரிங் கியர் கன்வெர்ட்டரின் மேலேயே இருக்கும். 360 கன அங்குல என்ஜினுக்கான எதிர் எடையையும் கன்வெர்ட்டரிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே தகட்டைத் தொடாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினாலே சமநிலை போய்விடும். ஆகவே தகடும் கன்வெர்ட்டரும் ஜோடி சேர்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கிராங்கையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குற்றவாளி

சமநிலைக் கோளாறு மட்டும் 1,100 மைலில் தகட்டை இப்படி விரிக்குமா என்று ஒரு உறுத்தல் எனக்கு இருந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தபோது, கன்வெர்ட்டர் பக்கம், எந்தத் துளையும் இல்லாத இடத்தில் வட்டமாக ஒரு பளபளப்பான பள்ளம். ஃபோர்டு கன்வெர்ட்டரில் எண்ணெய் வடிக்க ஒரு பிளக் உண்டு. அதன் தலை சற்று வெளியே நீட்டியிருக்கும். அது நுழைய தகட்டில் தனித் துளை இருக்கும். கன்வெர்ட்டரை நான்கு நிலைகளில் மாட்டலாம், பிளக் அதன் துளைக்கு நேரே வரும் நிலைதான் சரி. இங்கே கால் சுற்றுத் தள்ளி மாட்டி இறுக்கியிருந்தார்கள். பிளக்கின் தலை தகட்டை முட்டித் தள்ள, நட்டுகள் இழுக்க, தகடு இங்கே மாட்டிய நாள் முதலே வளைந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, உலோகம் சோர்ந்து விரிந்துவிட்டது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி உடைப்பது போலத்தான்.

ஆக உதறலுக்குக் காரணம் எடை. விரிசலுக்குப் பெரும்பங்கு இந்த பிளக். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ஒன்றை மட்டும் சரி செய்திருந்தால் மற்றது மிஞ்சியிருக்கும்.

சேதத்தின் அளவைப் பார்க்க ஆயில் பானை இறக்கி, ஐந்தாவது மெயின் பேரிங்கைத் திறந்தேன். மேற்பூச்சு ஒரு பக்கமாக மெலிந்திருந்தது, ஆனால் கிராங்க் ஜர்னலில் கோடு விழவில்லை. மற்ற நான்கும் நன்றாக இருந்தன. பேரிங் ஷெல்களை மாற்றினேன். பின் ஆயில் சீல் கசியத் தொடங்கியிருந்தது, அதையும் மாற்றினேன். கியர்பாக்ஸ் பக்கம் முன் பம்பின் புஷ்ஷும் சீலும் தேய்ந்திருந்தன. பம்ப் கியர்கள் தப்பித்தன. இன்னும் ஒரு கோடைக்காலம் ஓட்டியிருந்தால் இந்தப் பத்தியை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

சரி செய்த விதம்

வழிகள் மூன்று. 164 பல்லுக்கான பெரிய பெல் ஹவுசிங் தேடிப் போட்டு, 1989-இன் அசல் தகட்டையே பயன்படுத்துவது. கிராங்கை மறுபடி சமன் செய்து வெளி எடையே வேண்டாத நிலைக்குக் கொண்டுவருவது. அல்லது 157 பல், 50 அவுன்ஸ் தகடு ஒன்றை வாங்குவது. முதலாவதற்குப் பழைய பாகம் தேட வேண்டும். இரண்டாவதற்கு என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். நன்றாக ஓடும் என்ஜினுக்கு அது அநியாயம். மூன்றாவது வகைத் தகடு, இதே மாற்றத்தைப் பலர் செய்வதால், சந்தையில் புதிதாகவே கிடைக்கிறது. பத்தரை அங்குல வட்டத்தோடு அதை வரவழைத்தேன்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், அதையும் தண்டில் ஏற்றி உருட்டினேன். 15 சென்டிமீட்டரில் 238 கிராம் கேட்டது. இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பற்றவைத்த எடையின் அளவு வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

என்ஜினுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் மெல்லிய தடுப்புத் தகட்டை மறக்காமல் வைத்தேன். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் நேராக நிற்காது. ஆறு கிராங்க் போல்ட்டுகளும் புதியவை, குறுக்கே குறுக்கே மாற்றி மாற்றி, 80 அடி-பவுண்டு வரை மூன்று கட்டமாக இறுக்கினேன். பிறகு டயல் கேஜ் வைத்துத் தகட்டைச் சுற்றிப் பார்த்தேன், நேராக ஓடியது.

கன்வெர்ட்டரை கியர்பாக்ஸில் உட்கார வைப்பதில் நான் நேரத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே மூன்று இணைப்புகள் உண்டு. முதலில் இன்புட் ஷாஃப்டின் பற்கள், அடுத்து ஸ்டேட்டர் தாங்கியின் பற்கள், கடைசியில் பம்பின் கியர். ஒவ்வொன்றிலும் சுற்றிச் சுற்றித் தள்ளும்போது கன்வெர்ட்டர் ஒரு படி உள்ளே போகும். மூன்று 'டக்' வர வேண்டும். இரண்டோடு நிறுத்திவிட்டு ஹவுசிங்கின் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தால் பம்ப் அங்கேயே நொறுங்கும். சி4-இல் இன்புட் ஷாஃப்ட் தனியாக உருவி வரக்கூடியது. கன்வெர்ட்டரை ஆட்டும்போது அதுவும் கூடவே வெளியே வந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸை ஏற்றி, ஹவுசிங் போல்ட் எல்லாம் கையாலேயே இறங்குகிறதா என்று பார்த்தேன். என்ஜினும் ஹவுசிங்கும் ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தள்ளினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றியது. தகடுவரை முன்னுக்கு இழுத்தபோது 3 மில்லிமீட்டர் வந்தது. இடைவெளியே இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் பம்பை அழுத்திக்கொண்டே ஓடும். ரொம்ப அதிகமானால் அதன் கழுத்து பம்ப் கியரை முழுதாகப் பிடிக்காது. வடிகால் பிளக்கின் தலையில் மஞ்சள் பெயின்ட் பொட்டு வைத்து, அது துளைக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, நான்கு நட்டுகளையும் 25 அடி-பவுண்டில் இறுக்கினேன்.

நியூட்ரலில் அதே 2,400 சுற்று. கைபேசித் திரையில் 40 ஹெர்ட்ஸ் மேடு இருந்த இடத்தில், தேடினால் மட்டும் தெரியும் ஒரு சிறு தடிப்பு. 3,000-இல் பட்டாம்பூச்சி நட்டு அசையவில்லை. உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் 70 வரை போனேன். அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். 500 மைல் ஓடிய பிறகு மறுபடி கொண்டுவரச் சொல்லி, தூசி மூடியைத் திறந்து பார்த்தேன். விரிசல் இல்லை, கசிவு இல்லை, நட்டுகள் இறுக்கம் குறையவில்லை.

அவருடைய 289 இன்னும் கராஜில்தான் இருக்கிறது. விரிந்த சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு, ஒரு நாள் அதைத் திரும்ப இந்த வண்டியிலேயே ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைக்கு இந்த 50 அவுன்ஸ் தகடு அதன் பின்னாலும் கச்சிதமாகப் பொருந்தும், ஆறு போல்ட்டும் உட்காரும். அதனால் பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டால் '157 பல், 50 அவுன்ஸ், 1989 கிராங்குக்கு மட்டும்' என்று எழுதினேன். கராஜில் போர்வை போர்த்தி வைத்திருக்கும் 289-இன் கிராங்க் முனையிலும் ஒரு அட்டையைக் கம்பியால் கட்டச் சொன்னேன்: '28'. அடுத்த முறை அவர் வந்தபோது, கட்டிய அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வந்து காட்டினார்.